காவ்ரி மரத்துக்குப் பாதி வலம்

இந்த நாட்டில் காட்டுக்குள் போவதற்கு முன் சப்பாத்தைக் கழுவ வேண்டும். வெளியே வரும்போது என்றால் விளங்கும், சேறு காருக்குள் வரக்கூடாது. இங்கே உள்ளே போகும்போதும் கழுவ வேண்டும். நடைபாதை தொடங்கும் இடத்தில் தரையில் தூரிகைகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அடிப்பாகத்தைத் தேய்த்துவிட்டு அடுத்த தட்டில் ஏறி மிதித்தால் கீழிருந்து மருந்துத் தண்ணீர் சீறி அடிக்கும். மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு நோய், காவ்ரி என்ற பெரிய மரங்களை வேர் வழியே கொல்லுகிறதாம். நான் ஒக்லாந்தில் வந்து இறங்கிய அன்றும் விமான நிலையத்தில் ஒரு அதிகாரி என் சப்பாத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். எந்த ஊர் மண் என்று அவர் கேட்கவில்லை. ஆனாலும் அந்தத் தூரிகையில் கால் வைக்கும்போதெல்லாம் அவர் முகம் ஞாபகம் வரும்.

போன சனிக்கிழமை என் அக்காவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அக்கா வவுனியாவில் தையல்கடை வைத்திருக்கிறார். அத்தான் காலமாகிப் பல வருடங்களாகின்றன, பிள்ளைகள் இல்லை. விசிட்டர் விசாவில் வந்து லின்ஃபீல்டில் எங்கள் வீட்டில் நின்றார். கலிபோர்னியாவில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ரெட்வுட் மரங்களுக்கு நடுவே போகும் ஒரு சாலை, வழியெல்லாம் வேடிக்கை. ஒரு மரத்தின் அடியைக் குடைந்து அதற்குள்ளால் கார் விடுகிறார்கள். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். “உங்கட ஊரில இப்பிடி ஒரு மரமும் இல்லையோ?” என்று என்னைச் சீண்டினார். இருக்கிறது, ஆனால் கார் விட முடியாது, வேரில் காலே வைக்க விடமாட்டார்கள் என்று சொன்னேன். “அப்ப அதைத்தான் பாக்கவேணும்” என்றார்.

உண்மையில் அவரைக் கூட்டிப் போனதற்கு எனக்கு வேறு காரணம் இருந்தது. அக்கா திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலில் விசாவை ஆறு மாதம் நீட்டிக்கலாம், பிறகு ஒரு வழி பார்க்கலாம் என்று விசா வேலை தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. நான் நியூ லின்னில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். அங்கே இயந்திரங்களின் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடிக்கும். அம்மாவும் அப்பாவும் போனபின் என்னைச் சிறுவனாகப் பார்த்த ஆள் என்று அக்கா மட்டும்தான் மிச்சம். இவரும் போய்விட்டால் நான் பிறந்தது முதலே இந்த வயதில் இருந்தவன் போல ஆகிவிடுவேன். வீட்டில் வைத்துக் கேட்க முடியாததைக் காட்டில் வைத்துக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

மனைவிக்குச் சனிக்கிழமையும் வேலை. மகள் பின் சீட்டில் ஃபோனோடு வந்தாள். டிட்டிராங்கியைத் தாண்டியதும் ஸீனிக் டிரைவ் என்ற மலைச்சாலை தொடங்குகிறது. வளைவு முடிந்தால் அடுத்த வளைவு. இரண்டு பக்கமும் பனையளவு உயரத்தில் பன்னங்கள், அதாவது பெரணி மரங்கள், குடை விரித்து நிற்கும். கடிதப் பெட்டிகள் வரிசையாகத் தெரியும், வீடுகள் தெரியாது. “சனம் ஒளிச்சு இருக்கினமோ?” என்று அக்கா கேட்டார். பார்வையாளர் மையத்தில் இறங்கி, மாவோரி மக்கள் செதுக்கிய உயரமான தூண்களைப் பார்த்தோம். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பெரிய வெறும் படச்சட்டம் நின்றது. அதற்குள் நின்று எல்லோரும் படம் எடுத்தார்கள். மகள் கூப்பிட்டும் அக்கா போகவில்லை. சட்டத்துக்குள் போக இன்னும் காலம் இருக்கிறதாம்.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு கிளைப்பாதை மூடப்பட்டிருந்தது. குறுக்கே தடுப்பு, சிவப்புப் பட்டி, நடுவில் ஒரு அறிவித்தல் பலகை. முன்னே நடந்துகொண்டிருந்த அக்கா சட்டென்று நின்றார். ஒரு கையை நீட்டி மகளை மறித்தார். அவருடைய செருப்புக் கால் எடுத்த இடத்திலேயே நின்றது.

“தம்பி, இஞ்சையும் மிதிவெடியோ?”

மகளுக்கு விளங்கவில்லை. “நோ மாமி, ட்ரீஸ் ஆர் ஸிக்” என்றாள். நான் தமிழில் சொன்னேன், இது மரத்துக்கு வந்த நோய், ஆட்கள் மிதித்தால் பரவும் என்று. அக்கா மெதுவாகக் காலை வைத்தார். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிப் போன நாட்களில் எங்கள் காணிக்குக் குறுக்கே இப்படித்தான் பட்டி கட்டியிருந்தது. மண்டையோடு வரைந்த பலகைக்கு அந்தப் பக்கம் எங்கள் சொந்தக் கிணறு தெரியும். அக்கா வாளியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றிருக்கிறார், நான் அவருக்குப் பின்னால். அங்கே நிலம் எங்களைக் கொல்லாமல் இருக்கப் பலகை வைத்தார்கள். இங்கே நாங்கள் மரத்தைக் கொல்லாமல் இருக்க வைத்திருக்கிறார்கள். மகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பெரிய மரத்தடிக்கு வந்தோம். கிளையே இல்லாமல் சாம்பல் நிறத்தில் நேரே மேலே போகிறது. மகள் படம் எடுக்கக் கீழே ஓடைப்பக்கம் போய்விட்டாள். பாதையோர வாங்கில் உட்கார்ந்து அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காத நேரம் என்பதால் கேட்டுவிட்டேன்.

“அக்கா, இன்னும் ஆறு மாசம் நிண்டிட்டுப் போங்கோவன்.”

“இதைக் கேக்கத்தானோ வளைஞ்சு வளைஞ்சு இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“உங்கட வீட்டில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா இஞ்ச கேக்கிற ஆக்களுக்கு நான் உன்ர அக்கா. அங்க நான் தையல் ரீச்சர். தை பிறந்தா பள்ளிக்கூடம் தொடங்கும், சட்டைக்கு வாசல் முட்டச் சனம் நிக்கும்.”

கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்பிள்ளைகளும் பார்த்துக்கொள்வார்கள்தானே என்றேன்.

“நல்லாப் பாப்பினம். அதுதான் எனக்குப் பயம்.”

விசாவை நீட்ட வேண்டாம், கூப்பிட்டால் திரும்ப வருவேன் என்று அக்கா சொன்னார். பிறகு எழுந்தார். இவ்வளவு பெரிய மரத்தைக் கண்டுவிட்டு வலம் வராமல் போகக்கூடாதாம். ஆனால் பலகைப் பாதை மரத்தை அரைவாசி சுற்றிப் போய் ஒரு கம்பித் தடுப்போடு முடிந்துவிட்டது, மற்ற முனையிலும் அதேபோல ஒரு தடுப்பு. பின்பக்கம் முழுவதும் வேர். நான் முடியாது என்று கையைக் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் தடுப்பைப் பார்த்தார். சிவன் கோயிலில் பிரதோஷத்துக்கு வலம் வருகிறவர்கள், அபிஷேகத் தண்ணீர் வெளியே விழும் கோமுகியைத் தாண்டமாட்டார்கள். அதுவரை போய், வந்த வழியே திரும்பி, மற்றப் பக்கத்தால் போவார்கள். “இதைக் கோமுகி எண்டு நினைப்பம்” என்று சொல்லிவிட்டு, கைகூப்பியபடி திரும்பி நடந்தார்.

நானும் பின்னால் போனேன். இந்தக் கம்பி வரை போய்த் திரும்பினோம், அந்தக் கம்பி வரை போய்த் திரும்பினோம். தலை குனிந்து நடந்த எங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண், ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோமுகிக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டுவது என் பழக்கம். “யெஸ்” என்றேன். உடனே அவரும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பலகை இடுக்குகளில் தேடியபடி எங்களோடு நடக்கத் தொடங்கினார். அக்கா திரும்பிப் பார்த்து, தலையசைத்து அவருக்கு இடம் விட்டார். அந்த ஊர்ப் பெண்ணும் வலம் வருகிறார் என்றே நினைத்திருக்கிறார். ஒரு சுற்று முடிந்ததும் அந்தப் பெண் என் தோளைத் தொட்டு, கிடைக்கும், கவலைப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நன்றி சொன்னேன்.

அக்கா நிறுத்தவில்லை. பலகை ஒடுக்கமானது, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். போகும்போது அக்கா முன்னே, நான் பின்னே. கம்பியடியில் இருவரும் நின்ற இடத்திலேயே திரும்பினால் நான் முன்னே, அவர் பின்னே. மறு கம்பியில் மறுபடியும் மாறும். சின்ன வயதில் எங்கே போனாலும் அவர்தான் எனக்கு முன்னே நடந்தார். கடைசி முறை திரும்பி நான் முன்னே வந்தபோது, பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டே மெதுவாக நடந்தேன். பக்கத்தில் மரம் கூடவே வந்தது. அதன் மறுபக்கத்தை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.