சட்டம் கேட்காத கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. எங்கள் மாடி போர்ஷனை வாடகைக்குப் பார்க்க ஒரு தம்பதி வந்திருந்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நானும் ஏறினேன்.

கதவைத் திறந்தால்... அப்பப்பா! இட்லிப் பானை மூடியைத் திறந்தது போல ஓர் அனல். ஃபேனைப் போட்டேன். அது அந்த அனலையே சுற்றிச் சுற்றி எங்கள் தலையில் கொட்டியது. ஏசி மாட்டலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, நான் மட்டும் அங்கேயே நின்றேன். எனக்கு செல்வி ஞாபகம் வந்துவிட்டது.

செல்வி இதே போர்ஷனில் ஏப்ரல் வரை இருந்தவள். கொள்ளேகால் பக்கம் மார்டள்ளி கிராமத்துக்காரி. இங்கே மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எப்போதும் நைட் டியூட்டி. ஆறு வயது மகளை ஊரில் அம்மாவிடம் விட்டிருந்தாள். வேலை பர்மனென்ட் ஆனால் ஜூனில் மகளை மைசூர் ஸ்கூலில் சேர்த்து, கூடவே வைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

மார்ச் மாதம் ஒருநாள் கீழே வந்தாள். காலையில் வந்து படுத்தால், பத்து மணிக்கு மேல் கண்ணை மூட முடியவில்லையாம். ஏசியை அவளே தவணையில் வாங்கிக்கொள்வாளாம். சுவரில் ஒரு ஓட்டை போட வேண்டும், கரண்ட் லோடு ஏற்ற வேண்டும். அதற்குக் கரண்ட் ஆபீஸில் கொடுக்கும் ஃபாரத்துக்கு வீட்டுச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும்.

"நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்கம்மா. மத்ததெல்லாம் நானே பாத்துக்கறனுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நம்ம மைசூருக்கு ஏசியெல்லாம் பேடம்மா, வேண்டவே வேண்டாம். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோ, போதும்."

மைசூர்க்காரர்களுக்கு இது ஒரு ஜம்பம். சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், எங்கள் ஊரில் ஃபேனே வேண்டாம் என்று அலட்டிக்கொள்வோம். ஊரின் வெயில் மாறி எத்தனையோ வருஷம் ஆயிற்று — எங்கள் வசனம் மட்டும் மாறவில்லை. அதுவும் நான் மாடிக்குப் போவதே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். சாமுண்டி மலைப் பக்கமிருந்து ஜிலுஜிலுவென்று காற்று வரும். இவளுக்கு என்ன குறை என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் இரண்டாவது முறை கேட்டபோது — எழுதவே வெட்கமாக இருக்கிறது — தெரிந்த வக்கீலுக்குப் போன் போட்டேன். வாடகை வீட்டில் ஏசிக்கு வழி செய்து தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தாமல் இருங்கள், குளிர்ச்சிக்கு நீங்கள் பொறுப்பில்லை என்றார் அவர். அக்ரிமென்ட்டில் வேறு, சுவரில் துளை போடக் கூடாது என்று நானே எழுதி வைத்திருந்தேன். எனக்கு ஒரே குஷி! சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் மாதிரி அவளிடம் எடுத்துச் சொன்னேன். சரிங்கம்மா என்று போனவள், அப்புறம் கேட்கவே இல்லை.

ஏப்ரலில் ஒரு நாள் டியூட்டியில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். பேஷன்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேலை போய்விட்டது. வீட்டைக் காலி செய்கிற அன்று, நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் இதைச் சொன்னாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவள் மேலே வெந்துகொண்டிருந்த மத்தியானங்களில், கீழே நான் நிம்மதியாகக் குட்டித் தூக்கம் போட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாடியிலிருந்து இறங்கியதும் செல்விக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், திரும்பி வந்துவிடு என்றேன். கொள்ளேகாலில் ஒரு கிளினிக்கில் சேர்ந்துவிட்டாளாம். சம்பளம் பாதிதான். மகளை ஊர் ஸ்கூலிலேயே சேர்க்கப் போகிறாளாம். தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள் என்றேன். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அட விடுங்கம்மா... நீங்க ஒருக்கா மத்தியானத்துல மேல வந்திருந்தீங்கன்னா, அப்பவே போட்டுக் குடுத்திருப்பீங்க."

போட்டிருப்பேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.