லிப்டின் கூரையில் ஒரு கல்யாண நாள்

தையல் டீச்சர் லிப்டில் ஏறமாட்டார். அவரைக் கட்டிக்கொண்டவரோ லிப்ட் மெக்கானிக்.

"அண்ணே, அண்ணிக்கே நம்ம வேலைமேல நம்பிக்கை இல்ல, ஊர் எப்படிண்ணே ஏறும்?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சீண்டுவார்கள். மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்துவைப்பார். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்று தைக்கும். யார் யாரையோ மேலும் கீழும் அனுப்புகிறவருக்கு, வீட்டிலிருக்கும் ஒருத்தரை ஒரு மாடிகூட ஏற்ற முடியவில்லை. நிறைமாதத்தில்கூட டீச்சர் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடிக்கு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படியேறித்தான் போனார்.

இந்த லட்சணத்தில்தான் வெளிநாட்டுப் பயணம் திடுதிப்பென்று வந்து நின்றது. அங்கே ஒரு விடுதியின் பழைய லிப்ட் படுத்துவிட்டது. அந்த மாடலைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் கம்பெனியிலேயே இரண்டு பேர். ஒருவருக்குக் கால் முறிவு.

"அந்த வாரத்துலதான் எங்க கல்யாண நாள் சார். இருபத்திரண்டு வருஷமா அந்த நாள்ல அவங்களை விட்டுட்டு இருந்ததில்ல" என்று மெக்கானிக் இழுத்தார். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு இரண்டு டிக்கெட் போட்டார்.

விடுதியில் கொடுத்த அறை ஒன்பதாம் மாடியில். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறிய படிகளில் டீச்சர் மட்டும் உற்சாகமாக ஏறினார். "பாத்தீங்களா, இங்க எல்லாரும் என் கட்சி!"

நான்காம் நாள் கல்யாண நாள். காலையிலேயே வேலை முடிந்தது. பிரேக்குக்குப் புதுக் கட்டை மாட்டியாயிற்று. கயிறுகளைச் சமமாக இழுத்துக் கட்டியாயிற்று. மணல் மூட்டைகளை ஏற்றி ஆறு தடவை ஓட்டியும் பார்த்துவிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, வரவேற்பறையில் தானே தைத்த புது உடுப்பில் உட்கார்ந்திருந்த டீச்சர் எதிரில் போய் நின்றார்.

"டீச்சரே, இன்னிக்கு நான் கேக்கறதைக் குடுக்கணும்."

"என்ன, கேக்கா? வாங்கித் தரேன்."

"கேக்கெல்லாம் வேணாம். ஒரே ஒரு தடவை இதுல ஏறிடு."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்தது. எழுந்துபோய் லிப்டின் கதவைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே கால் வைத்தார்.

"அப்படியே நில்லு, தோ வந்துட்டேன்!"

கதவை மூடிவிட்டு மெக்கானிக் முதல் மாடிக்கு ஓடினார். அங்கிருந்த கதவைச் சாவி போட்டுத் திறந்து, லிப்டின் கூரைமேல் தொப்பென்று இறங்கினார். முப்பது வருடப் பழக்கம். சோதனை ஓட்டம் என்றால் அவர் கால்கள் கூரைக்குத்தான் போகும். அங்கிருந்த பொத்தானை அழுத்தி, லிப்ட் இரண்டடி நகர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பட்டென்று நிறுத்தினார்.

"ஏங்க! எங்க இருக்கீங்க?"

"மேல."

"மேலன்னா?"

"உன் தலைக்கு மேல. பழக்கதோஷத்துல ஏறிட்டேன். இரு, இறக்கிட்டு உள்ள வரேன்."

இத்தனை வருடத்தில் ஒரு தடவை ஏறியவளை இப்படியா தனியே அடைத்துவைப்பது? இனி ஏழு ஜென்மத்துக்கும் ஏறமாட்டாள். அழுகைச் சத்தம் வரும் என்று காற்றுத் துளையில் காதை வைத்தார். வந்தது சிரிப்பு.

"வர வேணாம். ஓட்டுங்க."

"பயமா இல்லையா?"

"இது நடுவுல நின்னா நான் யாரைக் கூப்பிடுவேன்? உங்களை. நீங்களும் என்னோட உள்ள மாட்டிக்கிட்டா? வேற எங்கயோ வேலையில இருந்தா? அதான் என் பயமே. இப்பதான் வெளிய, கைக்கெட்டற தூரத்துல இருக்கீங்களே!"

ஏன் ஏறமாட்டேன் என்கிறாய் என்று மெக்கானிக் ஒரு நாளாவது கேட்டிருக்கிறாரா? யோசித்துப் பார்த்தார். கேட்டதே இல்லை. பதிலையும் தானே வைத்துக்கொண்டு, அதற்குத் தானே வருத்தமும் பட்டிருக்கிறார்.

லிப்ட் நிதானமாக ஏறியது. அவர் மேலிருந்து ஒவ்வொரு மாடியாகச் சொல்லச் சொல்ல, டீச்சர் உள்ளிருந்து "ம்" கொட்டினார்.

"ஒம்பது. வந்தாச்சு, கதவைத் திறக்கறேன்."

"என்ன அவசரம்? இன்னொரு தடவை கீழ போயிட்டு வரலாம்" என்றார் டீச்சர். "நீங்க அங்கயே இருங்க."