ஓவர்லாக் ரோஸ்மேரி தட்டச்சு கற்ற கதை

திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்கு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை. பதினெட்டு வருடமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் அடித்துத்தான் சோறு தின்கிறேன். அத்தனையும் இரண்டே விரலில். போன வருடம் புதிதாகச் சேர்ந்த மோனிஷா என்ற பெண், என்னிடம் பேசிக்கொண்டே பத்து விரலாலும் படபடவென்று அடித்ததைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்பத்தோரு வயதில் அவிநாசியில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் போய்ச் சேர்ந்தேன். காலை ஆறரை மணி வகுப்பு. அங்கே பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவர்தான் ரோஸ்மேரி. இது அவருடைய கதை. என் கதையில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

ரோஸ்மேரிக்கு முப்பத்தாறு வயது. அவிநாசிக்குப் பக்கத்துக் கிராமம். பதினாறு வருடமாகப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர். பனியனின் கையையும் உடம்பையும் சேர்த்துத் தைத்து, ஓரத்து நூல் பிரியாமல் பூட்டுகிற மெஷின் அது. தைக்கும்போதே துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போவதால் பஞ்சு பறக்கும். அந்தப் பஞ்சு அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மாடி ஏறினால் மூச்சு இழுக்கும். டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்.

"மருந்து நான் தர்றேனுங்க. ஆனா பஞ்சை விட்டு வெளிய வராம இது அடங்காது."

வெளியே வந்து எங்கே போவது? இந்தப் பக்கம் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே பஞ்சுதான். கடைசியில் அவருடைய கணவர் சுரேஷ் ஒரு வழி விசாரித்துக்கொண்டு வந்தார். அவிநாசியில் மகுடேஸ்வரன் என்ற வக்கீலின் ஆபீசில் டைப் அடிக்கிற பெண் மே மாதத்தோடு நிற்கப்போகிறாள். தமிழ்த் தட்டச்சில் லோயர் என்கிற இளநிலைத் தேர்வு தேறிவிட்டு வந்தால் அந்த நாற்காலி ரோஸ்மேரிக்கு. அரசுத் தேர்வு பிப்ரவரியில். அதை விட்டால் அடுத்தது ஆகஸ்ட்டில்தான். அதுவரை வக்கீல் காத்திருக்க மாட்டார்.

பயிலகத்துக்கு ரகம் ரகமான ஆட்கள் வருவார்கள். சர்க்கார் வேலைக்குப் படிக்கிற பட்டதாரிகள், வீட்டில் சும்மா இருக்காதே என்று விரட்டிவிடப்பட்ட பள்ளிப் பிள்ளைகள், கல்யாணத்துக்கு முன்னால் கையில் ஒரு சான்றிதழ் இருக்கட்டும் என்று வந்த பெண்கள், ரோஷத்துக்கு வந்த நான். மூச்சு விடுவதற்காக வந்தவர் ரோஸ்மேரி ஒருவர்தான்.

முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: யளனகபக. பக்கம் பக்கமாக அதையே அடிக்க வேண்டும். ரோஸ்மேரி அடிக்கும்போது வலது கால் தானாகத் தரையை அமுக்கும். தையல் மெஷின் பெடல் ஞாபகம். கோமளா டீச்சர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க, இந்த மெஷின் கால்ல ஓடாதுங்க."

ரோஸ்மேரியும் சிரித்தார். காலின் பழக்கம் ஒரு வாரத்தில் போய்விட்டது. கண்ணின் பழக்கம்தான் போகவில்லை.

தட்டச்சில் கண் பாடத்தின் மேல் இருக்க வேண்டும், விரலைப் பார்க்கவே கூடாது. ரோஸ்மேரியால் அது மட்டும் முடியவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் தலை குனியும். டீச்சர் ஒரு ஏற்றுமதி அட்டைப்பெட்டியை வெட்டி, கைகள் தெரியாதபடி மெஷின் மேல் கவிழ்த்து வைத்தார். அட்டைக்குள் போன கை அடுத்த கணமே வெளியே வந்துவிட்டது. மறுபடி போனது, மறுபடி வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஏனம்மணி, உள்ள பாம்பா இருக்குது?" என்று கேட்டேன்.

அவர் இடது ஆள்காட்டி விரலை என் பக்கம் நீட்டினார். நகத்தின் நடுவில் ஒரு வடு இருந்தது.

"சூப்பர்வைசர் கூப்பிட்டாருன்னு ஒரு நொடி திரும்புனேனுங்ணா. ஊசி நகத்துல எறங்கி அந்தப் பக்கம் வந்துருச்சு. அதுல இருந்து கையைப் பாக்காம மெஷின்ல வேலை செய்யவே வர மாட்டீங்குதுங்க. ஒடம்பு ஒத்துக்க மாட்டீங்குது."

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அதன்பிறகு அந்த அட்டையைப் பற்றி நான் பேசவில்லை.

தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்புகிற நாள் நெருங்கியது. டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க ரோஸ்மேரி. இந்த வேகத்துல போனா தேற மாட்டீங்க. ஆகஸ்ட்டுல பாத்துக்கலாமுங்க" என்றார்.

"எனக்கு ஆகஸ்ட் இல்லீங்க டீச்சர்" என்றார் ரோஸ்மேரி. டீச்சர் இன்னும் மூன்று நாள் பொறுப்பதாகச் சொன்னார்.

முதல் இரண்டு நாளும் பழைய கதைதான். மூன்றாம் நாள் காலையில் ரோஸ்மேரி வந்ததும் அட்டையைத் தானே எடுத்து மெஷின் மேல் கவிழ்த்தார். கைகளை உள்ளே விட்டார். அரைப் பக்கம் போகும்வரை கை வெளியே வரவில்லை. நான் என் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

"என்னாச்சு அம்மணி?"

"நேத்து கம்பெனில கவனிச்சேனுங்ணா. கண்ணு ஊசி மேல இருக்குது. எடது கை அது பாட்டுக்குத் துணிக் கட்டுல இருந்து அடுத்த பீஸை எடுக்குது. ரெண்டு பீஸ் ஒட்டிக்கிட்டு வந்தா தடவிப் பாத்துப் பிரிக்குது. எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்னு அதுக்கே தெரியுது. என்ற கை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை நான் பாக்காமத்தானுங்க வேலை செய்யுது. பயமெல்லாம் ஊசிகிட்டத்தான். இங்க ஊசி ஏதுங்க?"

அன்றைக்கு முழுப் பக்கமும் அடித்தார். பதினோரு பிழைதான். டீச்சர் எண்ணிப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து பூர்த்தி செய்ய உட்கார்ந்தார்.

தேர்வுக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். இந்தத் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினை நாம்தான் மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். மணி அடித்ததும் ஒரே ஹாலில் அறுபது மெஷின்கள் ஒன்றாகத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் எனக்குக் காது அடைத்து, மூன்றாவது வரியிலேயே கண் விரலுக்குப் போய்விட்டது. சுற்றிலும் படித்த பிள்ளைகள் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ்மேரி ஒருமுறை இருமினார். ஆனால் அடிப்பதை நிறுத்தவில்லை.

"சத்தம் எங்க கம்பெனி மாதிரியே இருந்துச்சுங்ணா. பதட்டமே வரல" என்றார் வெளியே வந்து.

ஏப்ரலில் முடிவு வந்தது. அவர் தேறிவிட்டார். டீச்சரைக் கட்டிக்கொண்டு பயிலக வாசலிலேயே அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சொல்வதற்கென்ன. நான் தேறவில்லை. மோனிஷாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலையில் ஒரு வாடகை ஒப்பந்தம் எழுத வக்கீல் ஆபீசுக்குப் போனேன். ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முன்னால் ரோஸ்மேரி. முகம் தெளிந்திருந்தது. எதிரே ஒரு அம்மாள், ஆயம்மாள் என்று பெயர். ரோஸ்மேரியோடு பழைய கம்பெனியில் வேலை செய்தவர். இத்தனை வருடமும் முழங்கை தொடுகிற தூரத்தில் பக்கத்து மெஷினில் இருந்தவராம். கணவர் இறந்துபோய் வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுத வந்திருந்தார். கணவர் பெயர், இறந்த தேதி, பிள்ளைகளின் வயது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நடு நடுவே பேச்சு நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தொடர்ந்தார். ரோஸ்மேரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் பத்து விரலும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தன.

ஆயம்மாளுக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது.

"ஏங்கண்ணு, என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறயே, எழுதலையா?"

"எழுதிட்டுத்தானுங்க்கா இருக்கறேன்."

ஆயம்மாள் எட்டித் திரையைப் பார்த்தார். அவர் சொன்னது அத்தனையும் அங்கே வரிசையாக இருந்தது. மறுபடி உட்கார்ந்து, ரோஸ்மேரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பதினாறு வருசம் பக்கத்துல இருந்தும் நீ என்னை இத்தனை நேரம் பாத்ததே இல்ல கண்ணு."

"அப்ப ஊசில இருந்து கண்ணை எடுக்க முடியாதுங்களே அக்கா," என்றார் ரோஸ்மேரி. "இப்ப முடியும். அவசரமே இல்ல, மெதுவாச் சொல்லுங்க."