மக்டலின் தளர்த்திய திருகாணி

மாம்புரி மக்டலினுக்கு ட்ரம் அடிக்கத் தெரியாது. ஆனால் கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரை பாண்ட் வைத்திருந்தவர்கள், தங்கள் ட்ரம் கண்டபடி கத்தத் தொடங்கினால் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அடிக்கிறவனுக்குக் கை போதும், சுருதி சேர்க்கிறவளுக்குக் காது வேண்டும் என்பாள். கொஞ்சம் தலைக்கனம்தான். வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

புருஷன் கிளமன்ற் பாண்டில் அடித்தவர். நாட்டுச் சண்டை முடிந்து மூன்றாம் வருஷம் இத்தாலிக்குப் போனார். போகும்போது தன் ட்ரம் செட்டைக் காட்டி, "உப்புக் காத்து, துருப்பிடிக்க விடாத. வந்து அடிக்கோணும்" என்றார். அவளும் கிழமைக்கொருதரம் திருகாணிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டாள். தோலின் நடுவில் விரலை வைத்து, ஒவ்வொரு ஆணிக்குப் பக்கத்திலும் தட்டிக் கேட்பாள். குரல் உயர்ந்த இடத்தில் கொஞ்சம் தளர்த்துவாள், தாழ்ந்த இடத்தில் முறுக்குவாள். எல்லாம் ஒரே குரலுக்கு வந்தபிறகும் பின்னால் ஒரு 'ங்' இழுக்கும். அதற்கு ஓரத்தில் ஒரு சின்ன மெழுகு உருண்டை. கூடினால் ட்ரம் செத்துப்போகும். அந்த அளவு அவளுக்குக் கைவந்திருந்தது.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்தச் செட்டிலிருந்த சைட் ட்ரம்மின் அடியில் கம்பிச் சுருள்கள் உண்டு. பக்கத்தில் யாராவது பேசினால் அவை தாமாக நடுங்கி 'ஸ்ர்ர்' என்னும். அடிக்காத நேரம் பிடியைத் தட்டிக் கம்பியை இறக்கிவிடுவதுதான் முறை. ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவள், தன் வீட்டில் மட்டும் இறக்கவில்லை. பின்னேரம் செபமாலை சொன்னால் அது கூடவே முணுமுணுத்தது. "கறிக்கு உப்புக் கூடிப்போச்சு" என்றால் அதற்கும் ஏதோ சொன்னது. அந்த வீட்டில் அவளுக்குப் பதில் சொல்ல வேறு ஆளில்லை.

ஐந்து வருஷம் கழித்து ஒருநாள் கிளமன்ற் போனில் சொன்னார்: "நான் இனி எங்க வந்து அடிக்கிற? செட்டை வித்துப்போடு. குறிஞ்சிப்பிட்டி அன்ரனிப்பிள்ளை கேட்டவன், வருவான்."

"ஓம்" என்றாள். ஊருக்கு வரமாட்டேன் என்பதை ட்ரம்மின் தலையில் போட்டுச் சொல்கிற மனுஷனிடம் வேறென்ன சொல்வது?

அன்ரனிப்பிள்ளை வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் சைட் ட்ரம்மின் ஓர் ஆணியை முழுதாக ஒரு சுற்றுத் தளர்த்தினாள். மெழுகையும் சுரண்டி எடுத்தாள். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பாள்.

அன்ரனிப்பிள்ளை தட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன தங்கச்சி, ரெண்டு குரல்ல ஊளையிடுது?"

"வளையம் கோணிட்டுது அண்ணன். எவ்வளவோ பாத்தன், சரிவருதில்ல."

"உனக்கே சரிவராட்டி வேற ஆருக்குச் சரிவரும்? சைட் ட்ரம் இல்லாத செட் எனக்கெதுக்கு?" என்று எழும்பிப் போய்விட்டார்.

அத்தனை வருஷம் சேர்த்த பெயர்தான் அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. அந்தப் பொய்யே பெயரையும் தின்றது. தன்னுடைய ட்ரம்மையே சேர்க்கத் தெரியவில்லையாம், மக்டலினுக்குக் காது போய்விட்டதாம் என்று கதை பரவிற்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மெல்ல மெல்ல ட்ரம்மோடு வருகிற ஆட்களும் நின்றுபோனார்கள். அவளுக்கு அது வலித்தது. ஆனாலும் ஆணியை முறுக்கிச் சரிசெய்துவிட்டு, யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் கிளமன்ற் போன் எடுத்தார். அவள் சொல்லவேண்டிய பொய்யெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்: அன்ரனி அண்ணன் வேண்டாமென்றார், சிலாபத்தில் ஒரு பள்ளிக்கூடம் வாங்கிற்று, லொறியில் வந்து ஏற்றினார்கள், ஏற்றும்போது நான் அழுதேன்.

"செட் போயிட்டுதா?"

"ஓம். வித்துட்டன்."

"நல்லது" என்றார். பிறகு அங்கே குளிர் கூடிவிட்டது என்றார், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

யாருக்கு விற்றாய் என்று அவர் கேட்கவேயில்லை.