பேச்சாளரும் என் எக்கோ திருகும்

என் ஆம்ப்ளியின் முகப்பில் ஐந்து திருகுகள் இருக்கின்றன. நான்குக்குக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி உண்டு. ஐந்தாவதற்கு இல்லை, இரும்புத் தண்டு மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் எக்கோ. மைக்கில் ஒருவர் வணக்கம் என்று சொன்னால் வணக்கம், வணக்கம், வணக்கம் என்று மூன்று நான்கு தடவை அலையடித்து அடங்குகிறதே, அது இந்தத் திருகின் வேலை. கல்யாண வீட்டுக்கு மைக்செட் கொண்டுபோனால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: “ஏண்ணே, ஒரு மூடி வாங்கி மாட்டக்கூடாதா? பாக்க அசிங்கமா இருக்குல்ல?” மூடி கடையில் கிடைக்காமல் இல்லை. தொலைந்தும் போகவில்லை. என் வீட்டுத் தையல் மெஷின் டிராயரில் பட்டன்களோடு பட்டனாகக் கிடக்கிறது. கழற்றியவன் நான்தான். ஏன் கழற்றினேன் என்பதைச் சொல்லப்போனால் பேச்சாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் தலை சுற்றுகிறது.

நாகல் நகரில் எல்லோரும் அவரைப் பேச்சாளர் என்றுதான் சொல்வோம். கட்சிக்காரர். ஆனால் தலைவர் கிடையாது. தலைவர் வருவதற்கு இரண்டு மணி நேரம் தாமதமாகும் பாருங்கள், அதுவரை கூட்டம் கலையாமல் பிடித்து வைப்பவர். பகலில் சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிச் சேலை எடுத்து வந்து வீடு வீடாக விற்பார். சேலையைப் பிரித்துக் காட்டும்போது அவரைப் பார்க்க வேண்டும்! வாங்கம்மா, உக்காருங்கம்மா, பிடிக்கலைன்னா வேணாம்மா என்று அப்படி ஒரு பணிவு. எந்நேரமும் கையில் வெந்நீர் பிளாஸ்க். எறும்பைக்கூட மிதிக்காத நடை. அந்த மனிதர் மேடையேறி மைக்கைப் பிடித்துவிட்டால், அப்பப்பா, வேறொரு ஆள் உள்ளே புகுந்த மாதிரி இருக்கும். எதிர்க்கட்சிக்காரனின் மீசையில் ஆரம்பித்து மாமனார் வீடு வரைக்கும் ஒன்றையும் விடமாட்டார். “அவரு ஜெயிச்சுப் போயி வீட்டுப் பக்கம் வரவே இல்லய்யா! இப்ப வந்தா, வளத்த நாயே அவரைப் பாத்துக் கொரைக்குது!” என்று ஒரு தடவை சொன்னபோது, நான் சிரித்த சிரிப்பில் வயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

அவருக்கும் எனக்கும் இடையில் ஒரு வழக்கம் இருந்தது. அப்படிச் செய்வோம் என்று பேசி வைத்ததில்லை. பல வருஷம் ஒரே மேடையில் இருந்ததில் தானாக வந்தது. கூட்டத்தில் பின்வரிசை கடலை வாங்க நகர ஆரம்பித்தால், பேசிக்கொண்டே ஒரு தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மறு தோளில் போடுவார். அடி விழப்போகிறது என்று அர்த்தம். உடனே நான் எக்கோவைத் திருகி ஏற்றுவேன். அவர் அடிப்பார், தெருவெல்லாம் அலறும், கடலை வாங்கப் போனவன் பாதியில் திரும்புவான். ஒரு நாள் ஏன் அண்ணே இப்படி வம்பாகவே பேசுகிறீர்கள் என்று கேட்டேன். வெந்நீரை ஊதிக்கொண்டே சொன்னார்: “நல்லதைச் சொன்னா கையத் தட்டிட்டு அங்கனயே விட்டுட்டுப் போயிருவான் அப்பு. வம்பைச் சொன்னாத்தான் வீட்டுக்குக் கொண்டுபோயி பொண்டாட்டிகிட்டச் சொல்லுவான்.” எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. நானும் அப்படித்தான் அவர் பேசியதையெல்லாம் என் மனைவியிடம் கொண்டுபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முப்பது வருஷம் அடுத்தவனுக்காகக் கத்தியவருக்குப் போன தேர்தலில் ஒருவழியாக வார்டு கவுன்சிலர் சீட்டு கிடைத்தது. அன்று அவர் அழுதுவிட்டார். எதிர்த்து நின்றது எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை கிடையாது. அவருக்கு மைக்கும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டே போனார். அவ்வளவுதான் பிரசாரம். எங்கள் வார்டில் தண்ணீர் என்பது உயிர் போகிற சமாச்சாரம். ஒரே வாரத்தில் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் டீச்சரின் நோட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. பேச்சாளரின் முகம் வாடிவிட்டது. இத்தனை வருஷம் காத்து, ஒரு நோட்டுப் புத்தகத்திடம் தோற்பதா என்று மருகினார்.

இந்த இடத்தில் என் வீட்டு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கல்யாணமாகி அப்போது பன்னிரண்டு வருஷம். எங்களுக்கும் பிள்ளை இல்லை. மதுரை ஆஸ்பத்திரி, பழனி மலை, நாட்டு மருந்து, எல்லாம் பார்த்தாகிவிட்டது. என் மனைவி வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் ‘விசேஷம் உண்டா’ என்று கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்து மெஷினை வேகமாக மிதிப்பாள். பேச்சாளர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தெருப் பக்கம் கூட்டம் என்றால் முடிந்ததும் என் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. “தங்கச்சி கை வெஞ்சனத்துக்கு ஈடு கெடையாது” என்று கூட்டு, பொரியலைப் புகழ்ந்து ஒவ்வொரு தடவையும் சொல்வார். மனதாரச் சொல்வார், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

கடைசி வாரத்தில் எங்கள் தெருமுனையில் கூட்டம். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பம். தெரு நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டினேன். ஒன்று சரியாக என் வீட்டு வாசலுக்கு எதிரே அமைந்தது. நல்ல கூட்டம். பேச்சாளர் தண்ணீர்ப் பிரச்சினையில் ஆரம்பித்து ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எவளோ ஒருத்தி, “பின் தெருவுல கொழாயில தண்ணி வருதுடீ!” என்று கத்திவிட்டாள். அவ்வளவுதான். பெண்கள் மொத்தப் பேரும் எழுந்து ஓட்டம் பிடித்தார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரைத் தண்ணீரே தனியாக நிறுத்திவிட்டுப் போய்விட்டது. பேச்சாளர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு துண்டு தோள் மாறியது. என் கை எக்கோவைத் திருகியது.

“பச்சப்பிள்ளைக்குப் பால் கரைக்கத் தண்ணி இல்லாம ஒரு தாய் துடிக்கிறாளே, அந்தத் துடிப்பு யாருக்குய்யா தெரியும்? பெத்தவளுக்குத் தெரியும். நோட்டைத் தூக்கிக்கிட்டு அலையுறாங்களே, அந்த மலடிக்குத் தெரியுமா? மலடிக்கு!” என்றார். மலடிக்கு, மலடிக்கு, மலடிக்கு என்று தெரு முழுக்கப் போய் முட்டித் திரும்பியது. அடுத்து விசில் பறந்தது. ஓடிப்போனவர்களில் பாதிப்பேர் குடத்தோடு திரும்பி வந்து நின்றார்கள். இளவட்டங்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே என்று கூச்சல் போட்டார்கள். பேச்சாளர் சிரித்தார். வலது தோளிலிருந்து துண்டை எடுத்து மறுபடி இடது தோளில் போட்டார். நான் இறக்கி வைத்திருந்த எக்கோவை மறுபடியும் ஏற்றினேன். அவர் மறுபடியும் சொன்னார். ஆமாம், ஏற்றினேன். கூட்டம் திரும்பி வந்த குஷி எனக்கும் இருந்தது.

ஏழரைக்கு முடிந்ததும் வழக்கம்போல என்னோடு வீட்டுக்கு வந்தார். என் மனைவி இலை போட்டாள். சோறு வைத்தாள், கத்தரிக்காய்க் கூட்டு வைத்தாள், ரசம் ஊற்றினாள். ஒரு குறையும் வைக்கவில்லை. அவரும் ரசித்துச் சாப்பிட்டு, வெஞ்சனத்தைப் பாராட்டிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “தங்கச்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு? ஒடம்புக்குச் சொகமில்லையா?” சத்தியமாக அவருக்கு உறைக்கவே இல்லை. அவர் அடித்தது டீச்சரை. அது என் வீட்டுக்குள் எப்படி வரும்? அவர் போனதும் அவள் எச்சில் இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். “மொத தடவ அவரு என்ன சொல்லப்போறாருன்னு உங்களுக்குத் தெரியாது. சரி. ரெண்டாவது தடவ தெரியும்ல?” என்றாள். பழக்கதோஷம் என்று ஏதோ முனகினேன். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. அழுதிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அன்றைக்குத்தான் அந்த மூடியைப் பிடுங்கிப் போட்டேன். அவள் அதை எடுத்து டிராயரில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வார்டு முழுக்க அந்த வீடியோதான். டீக்கடையில் கட்சிக்காரர் ஒருவர் எனக்கு விளக்கினார்: “என்னா மூளை பாத்தியா! ஒரு வாரமா ஊரே அந்த நோட்டைப் பத்திப் பேசுச்சு. இப்ப எவனாவது பேசுறானா?” உண்மைதான், ஒருவரும் நோட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த, முந்தின நாள் விசிலடித்த அதே ஆள், “இருந்தாலும் டீச்சர் பாவம்ப்பா, எனக்கு அ ஆ சொல்லிக்குடுத்த பொம்பள. நான் டீச்சருக்குத்தான் போடப்போறேன்” என்றான். அப்புறம் எதுக்குடா விசிலடிச்சே என்றால், அது பேச்சுக்கு, இது ஓட்டுக்கு என்கிறான்! எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. டீச்சர் அன்றைக்கும் நோட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தார். என் மனைவி மோர் கொடுத்தாள். எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். கிளம்பும்போது கம்பத்தில் நான் இன்னும் கழற்றாமல் விட்டிருந்த பாக்ஸை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “நல்லாக் கேக்குது தம்பி” என்றார். அது பாராட்டா, குத்தலா, வெறும் பேச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேச்சாளர் ஜெயித்தார். கொஞ்ச வாக்கில்தான். மாலையோடு என் கடைக்கு வந்து உட்கார்ந்தவர் முகத்தில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் தெரிந்தது. “அந்தப் பேச்சாலதான் ஜெயிச்சேனா, இல்ல அதைப் பேசாம இருந்தா இன்னும் நெறையா வந்திருக்குமா? ஒண்ணும் வெளங்கல அப்பு” என்றார். நான் யாரைப் போய்க் கேட்பேன்? என் வீட்டிலேயே எனக்கு விளங்கவில்லை. யாருக்குப் போட்டாய் என்று மனைவியைக் கேட்டேன். “அவருக்குத்தான்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபம் இல்லையா என்றேன். “கோவம் இருக்கு. தண்ணியும் வேணும்ல? டீச்சர் எழுதத்தான் எழுதுவாங்க. இவரு நாலு பேரைத் திட்டியாவது வாங்கிருவாரு.” ஆனால் அதே வாரம் ரவிக்கை வாங்க வந்த பெண்ணிடம், டீச்சருக்குப் போட்டேன் என்று அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். இரண்டில் எது நிஜம் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

பேச்சாளர் நல்ல கவுன்சிலராகவும் இருந்து தொலைத்தார். போய்ச் சண்டை போட்டு, கத்தி, பத்து நாளைக்கு ஒரு தடவை வந்த தண்ணீரை நான்கு நாளைக்கு ஒரு தடவை எங்கள் தெருவுக்கு வரவைத்தார். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அவரை எப்படித் திட்டுவது? அந்தப் பேச்சு கெட்டிக்காரத்தனமா என்று நான் யோசிக்காத நாள் இல்லை. கூட்டம் வந்தது, அது கண்ணால் பார்த்தது. வாக்கு வந்ததா, தெரியாது. எனக்கு ஒன்று மட்டும் தோன்றுகிறது. தட்டுத்தடுமாறி ஓடும் வண்டியில், எதனால் ஓடுகிறது என்று தெரியாத மெக்கானிக் எந்தத் திருகாணியையும் தொடப் பயப்படுவான். ஜெயித்தவர்களும் அப்படித்தான் இருப்பார்கள் போல. எந்தப் பேச்சால் ஜெயித்தோம் என்று தெரியாததால் எந்தப் பேச்சையும் விட மனசு வருவதில்லை.

அடுத்த தேர்தல் பேச்சு அடிபட ஆரம்பித்திருக்கிறது. டீச்சர் மறுபடி நிற்கிறாராம், புது நோட்டு வாங்கிவிட்டாராம். போன வாரம் பேச்சாளர் கூட்டத்துக்கு மைக்செட் கேட்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பிளாஸ்க் மட்டும் அதேதான். ஆம்ப்ளியைச் சுற்றிப் பார்த்தவர் மொட்டைத் தண்டைத் தொட்டு, “எக்கோ என்னாச்சு அப்பு?” என்றார். ரிப்பேர்ண்ணே என்றேன். தையல் மெஷின் சத்தம் நின்றது. என் மனைவி டிராயரைத் திறந்து மூடியை எடுத்து வந்தாள். அவளே குனிந்து அதைத் தண்டில் அழுத்தி மாட்டினாள். “ரிப்பேரெல்லாம் இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு டீச்சரைச் சொன்னீங்கள்ல, அதை மைக் இல்லாம எங்கிட்ட ஒரு தடவ சொல்லிருங்க. அப்பறம் செட்டு அம்புட்டையும் எடுத்துட்டுப் போங்க” என்றாள்.

பேச்சாளர் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளை, எங்கள் வீட்டை, பிள்ளைத் துணி காயாத கொடியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். “தங்கச்சி...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. எந்த மேடையிலும் அவருக்குப் பேச்சு நின்று நான் பார்த்ததே இல்லை. வியர்த்துக் கொட்டியது. இடது தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். முகத்தைத் துடைக்கத்தான் எடுத்தார், முகத்தைத்தான் துடைத்தார். ஆனால் அதற்குள் என் கை எழுந்து போய் அந்தத் திருகைப் பிடித்திருந்தது. என் மனைவி அவரை விட்டுவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.