சுவரில் விட்ட குழாய்

போன வருடம் குளிர் தொடங்கிய நாட்களில், பிரான்சில் லா கூர்னெவ்வில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. அந்தக் கோடையில்தான் வீட்டைச் சூடாக்க எரித்த மசூத் எண்ணெயை விட்டுவிட்டு காஸுக்கு மாறியிருந்தோம்.

அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். பதினொரு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதம் ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுவது நான்தான். நிலவறையில் இருந்த பழைய எண்ணெய்த் தொட்டியை எடுக்கும் வேலையையும் நானே நடத்தினேன்.

"எங்கட ஆக்களிட்டைக் குடுத்தால் அரை நாளிலை வெட்டித் தருவினம்" என்றார் அப்பா. வெறும் தொட்டியில் தங்கும் ஆவி ஒரு தீப்பொறியில் வெடிக்கும் என்று படித்திருந்தேன். அதனால் அனுமதி பெற்றவர்களையே அழைத்தேன். அவர்கள் மிச்ச எண்ணெயை உறிஞ்சி, உள்ளே கழுவி, கருவி வைத்துப் பார்த்த பிறகே வெட்டினார்கள். அவர்கள் தந்த சான்றிதழ் என் கோப்புக்குள் போனது.

போகும்போது ஒருவர், "வெளிச்சுவரில் எண்ணெய் ஊற்றும் குழாயையும் எடுக்கவா?" என்று கேட்டார். எடுத்தால் சுவர் உடையும். வசந்தத்தில் பூச்சு வேலை இருக்கிறது, அப்போது பார்க்கலாம் என்றேன்.

தொட்டி போன இடத்தில் அப்பா கட்டில் போட்டார். லா சப்பலில் ஒரு பேக்கரியில் அவருக்கு இரவு வேலை. பகலில் தூங்க இருட்டு வேண்டும்.

அன்று மதியம் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். வாசலில் எண்ணெய் லொறி. அதன் குழாய் எங்கள் சுவரில் விட்டிருந்த குழாயோடு பூட்டப்பட்டிருந்தது. சாரதி பம்பைப் போட லொறியின் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார். அம்மா சிரித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவரில் இருந்த குழாயின் மறுமுனை, தூங்கும் அப்பாவின் தலைக்கு நேர் மேலே திறந்திருந்தது.

பையைப் போட்டுவிட்டு ஓடினேன். "போடாதீர்கள், தொட்டி இல்லை" என்று பிரெஞ்சில் கத்தினேன். அவர் கை விசையில் இருந்தது. அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எல்லா வீட்டுக்கும் சேர்த்துத்தான் எண்ணெய்க்குச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு மடாம் வழக்கம்போல எங்களையும் சேர்த்திருக்கிறார். நாங்கள் மாறியதை நான் அவரிடம் சொல்லவில்லை. வழக்கம்போலத்தானே என்று சாரதி கேட்க, அம்மா "உய், உய்" என்று ஆமோதித்திருக்கிறார்.

"அவர் கேட்டது விளங்கினதோ அம்மா?"

"விளங்கேல்லை. அதாலைதான் ஓமெண்டனான். இல்லையெண்டால் இன்னும் கேள்வி கேப்பாங்கள்."

சாரதி என்னோடு நிலவறைக்கு இறங்கி வந்தார். குழாயைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கண் விழித்தார். நடந்ததைச் சொன்னேன்.

"என்ன பிள்ளை, என்னைப் பொரிக்கப் பாத்தனியோ? கடுதாசியை ஒழுங்கா வச்சிருக்கிறாய். ஓட்டையையும் ஒழுங்கா வச்சிருக்கிறாய்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. வெளிக்குழாய் எங்கே போய் முடிகிறது என்று தெரிந்தும் அதை அப்படியே விட்டது நான்தான்.

மறுநாளே ஆள் வந்து குழாயை அறுத்து, சுவரைச் சீமெந்தால் அடைத்தார். எங்களுக்கு இனி எண்ணெய் வேண்டாம் என்று நான் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

இன்றும் எல்லாப் பொறுப்பையும் நான்தான் எடுக்கிறேன், நன்றாகவே செய்கிறேன். ஆனால் ஒரு வேலை முடிந்தது என்று கையெழுத்து வைக்கும் முன், எதுவும் தெரியாமல் நாளை வரப்போகும் ஒருவரின் கண்ணால் அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுகிறேன்.