சுகிர்தத்தின் மகன் எத்தனையாவது?

"எத்தனையாவதுடா வந்த?"

கொழுந்தை எடை போட்டுவிட்டு நிறுவை மடுவத்திலிருந்து இறங்கும்போதே சுகிர்தம் போனைக் காதில் வைத்துவிடுவாள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்த்திருக்கமாட்டாள். சைக்கிள் பந்தயம் நடக்கிற நாட்களில் எல்லாம் இதே கதைதான். அந்தப் பக்கம் மகன் றொக்சன், "முப்பத்தெட்டாவதும்மா. இன்னைக்கு நல்லா ஓடுனேன்" என்பான். முப்பத்தெட்டாவதாக வந்தவன் நல்லா ஓடினேன் என்கிறானே, இவனுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று அவள் வாய்விட்டுக் கேட்பதில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். ஐம்பதைத் தாண்டியும் விரல் வேகம் குறையவில்லை, வாயும் குறையவில்லை. கோபம் வந்தால் கூடையோடு பேசுவாள். சந்தோஷம் வந்தால் மாதாவோடு பேசுவாள். மகன் கொழும்பில் ஒரு கம்பெனி அணிக்கு சைக்கிள் ஓட்டப் போன நாளிலிருந்து, குழப்பம் வந்து லயத்து வரிசை வீடுகளில் கையில் அகப்படுகிற எல்லோரோடும் பேசுகிறாள்.

அவளுக்கு விளங்காதது ஒன்றா இரண்டா? ஐந்து நாள் பந்தயம். ஒவ்வொரு நாளும் எவனோ ஒருவன் முதலாவதாக வருகிறான். ஆனால் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறவன் ஒரு நாளும் முதலாவதாக வராதவன். எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவனுக்குத்தான் மஞ்சள் சட்டை என்று றொக்சன் சொன்னான். சரி, அதையாவது எப்படியோ விழுங்கிக்கொள்ளலாம். இவன் வேலையே ஜெயிப்பது இல்லையாம், கேப்டனை ஜெயிக்கவைப்பதாம்! காற்றுக்கு மறைப்பாக முன்னால் ஓட வேண்டும், தண்ணீர்ப் போத்தல் சுமந்து கொடுக்க வேண்டும், கடைசியில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் அப்படியா? பறித்தவள் பேருக்குத்தான் கொழுந்து எழுதப்படும்.

பக்கத்துக் காம்பிரா வீட்டு நிரோஜினி, ஐந்து மாதக் கர்ப்பிணி, விளக்கிப் பார்த்தாள். "எனக்கு நிறுவை கொறஞ்சா நீங்க ரெண்டு கை அள்ளி எஞ்சாக்குல போடுறீங்கல்ல மாமி, அது மாதிரிதான்."

"நீ புள்ளத்தாச்சி. அந்தக் கேப்டனுக்கு என்ன கேடு?"

நிரோஜினி சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நின்று விளக்கியிருந்தாலும் சுகிர்தம் விட்டிருக்கமாட்டாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பந்தயம் கினிகத்தேனை, வட்டவளை வழியாக நுவரெலியாவுக்கு. முந்தின நாள் மாலையே றொக்சன் சொல்லியிருந்தான். "வட்டவளை ஏத்தத்துல பாருங்கம்மா, முன்னாலதான் வருவேன். ஆனா ரொம்பப் பிந்துனா வெட்டிருவாங்க. நேரத்துக்குள்ள நுவரெலியா போய்ச் சேராட்டி பந்தயத்துல இருந்தே எடுத்துருவாங்க. அடுத்த வருசம் டீம்லயும் சேக்கமாட்டாங்க." பின்பாதி அவள் காதில் ஏறவில்லை. முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, பூசை முடிந்த கையோடு லயத்தையே திரட்டி ரோட்டுக்கு இறக்கிவிட்டாள்.

வந்தான்தான். முதல் கூட்டத்துக்கே தலையாய் வந்தான். "றொக்சா!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் துள்ளித் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து, அவனுக்குப் பின்னால் வந்த கேப்டனின் முன்சக்கரத்தில் காற்றுப் போனது. றொக்சன் சட்டென்று குதித்தான். தன் முன்சக்கரத்தைக் கழற்றி கேப்டனின் சைக்கிளில் மாட்டினான். கேப்டன் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டான். முன்னால் சக்கரமில்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தாய்க்கும் லயத்துக்கும் நேர் எதிரே றொக்சன் நின்றான்.

"என்னடா செஞ்ச?"

"வீலக் குடுத்தேன்மா. எங்க ஜீப்பு வேற வீலோட எல்லாருக்கும் பின்னால வருது."

"அவன் ஜெயிச்சா ஒம்பேரு எழுதுவாங்களா?"

"இல்லம்மா."

"பெறகு?"

"அதுதாம்மா என் வேலை."

சனம் எல்லாம் சுகிர்தத்தின் முகத்தைப் பார்த்தது. வெட்கமா, ஆத்திரமா, பெருமையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டாவது கூட்டம் போனது. மூன்றாவதும் போனது. தனியாகத் திணறிக்கொண்டு வந்த கடைசி ஆட்களும் போனார்கள். காதில் ஏறாமல் போன பின்பாதி அப்போதுதான் ஏறியது.

"ஐயோ, பிந்துதேடா! வெட்டிருவாங்கன்னியே!"

"ஆமாம்மா" என்றான். கண் ரோட்டின் கீழ்ப் பக்கமே இருந்தது.

ஒருவழியாக ஜீப் வந்து, சக்கரம் மாட்டியாயிற்று. றொக்சன் ஏறி மிதித்தான். நின்று நின்று கால் ஆறிப்போயிருந்தது. ஏற்றத்தில் சைக்கிள் தள்ளாடியது. சுகிர்தம் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் அவன் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள்.

"அம்மா, தள்ளாதீங்க! பின்னால மோட்டர் சைக்கிள்ல ரெஃப்ரி பாக்குறாரு. தண்டம் போட்டுருவாங்க!"

"வீலக் கழட்டிக் குடுக்கலாம், பெத்தவ தள்ளக் கூடாதா? என்னடா சட்டம் இது?"

அவன் எழுந்து நின்று மிதித்தான். "அயின் வென்ன, அம்மே!" என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் விலகச் சொல்லிக் கத்தினார்.

சுகிர்தம் கையை எடுத்தாள். ஆனால் கீழே போடவில்லை. மகனின் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டியபடி, தொடாமல், மூச்சு வாங்க வாங்க, அந்த ஏற்றத்தில் அவனோடு ஓடிக்கொண்டிருந்தாள்.